அண்ணன் பார்த்துச் சொன்ன வண்டி

என் அண்ணன் வேங்கடாசலத்தை நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்லவன்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. கெட்டவன் அக்கிரமம் செய்தால் நாலு பேர் சட்டையைப் பிடிப்பார்கள். நல்லவன் செய்தால், ஏதோ காரணம் இருக்கும் என்று போய்விடுவார்கள். காரணம் இருக்கத்தான் செய்தது. அந்தக் காரணம் நான் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

வெதுருகுப்பத்திலிருந்து பத்தொன்பது வயதில் லைசென்ஸை எடுத்துக்கொண்டு திருப்பதிக்கு வந்தவன் அவன். லாரி ஓட்டினான், ஜீப் ஓட்டினான், ரேணிகுண்டாவில் டாக்ஸி ஓட்டினான். கடைசியில் ஒரு டாக்டரிடம் டிரைவராகச் சேர்ந்து பதினாறு வருஷம் இருந்தான். டாக்டர் கடைசியாக வாங்கியது ஒரு ஜெர்மன் கார், 2016 மாடல். எட்டு வருஷமும் அதை ஓட்டியவன் என் அண்ணன் ஒருத்தன்தான். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் டாக்டருக்குக் கோபம் வராது, இவனுக்கு வரும். டாக்டரின் மாமியாரையே ஒரு முறை இறங்கச் சொல்லி, கதவை மறுபடி மெதுவாகச் சாத்தவைத்தவன்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கூடவே விவரம் தெரிந்த டிரைவர் ஒருவரை அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அழைத்தவரிடமும் கமிஷன் வாங்குவார்கள், விற்கிறவரிடமும் வாங்குவார்கள்; அதுதான் அந்த டிரைவர்களின் பிழைப்பு. அண்ணன் யாரிடமும் வாங்க மாட்டான். ஒரு டீ, அவ்வளவுதான். அதனாலேயே சித்தூரிலிருந்து காளஹஸ்தி வரைக்கும் அவனைத் தேடி வந்தார்கள். விடிந்ததும் போவான். முதலில் பானெட்டில் கையை வைப்பான். சூடாக இருந்தால், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடப்பான். குளிர்ந்திருந்தால்தான் மற்றதெல்லாம். பெடல் ரப்பரைத் தடவிப் பார்ப்பான், மேட்டைத் தூக்கி மோந்து பார்ப்பான், சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்ப்பான். பிறகு "எடுத்துக்கோ" என்பான், அல்லது "வேணாம்" என்பான். மூன்றாவதாக ஒரு பதிலை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

எந்த வருஷத்து மாடல் என்று மட்டும் கேட்க மாட்டான். "மாடலு பேப்பர்ல கீது. வண்டி தரையில கீது. நான் தரையில கீறதத்தான் பாக்கறேன்" என்பான்.

என் வீட்டுக்காரர் தனசேகர் இதற்கு நேர் எதிர். ரேணிகுண்டா ரோட்டில் வாடகை மனையில் பதினோரு பழைய கார்களை நிறுத்தி விற்கிறவர். தெலுங்கில் வருகிறவனிடம் தெலுங்கு, தமிழில் வருகிறவனிடம் தமிழ், கண்ணாடி போட்டவனிடம் இங்கிலீஷ். எந்தக் காராக இருந்தாலும் "சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ் பண்ண வண்டி" என்பார். இந்த ஜில்லாவில் இத்தனை டாக்டர்கள் இருந்தால் ஒருத்தருக்கும் சளி பிடிக்காது. போன வருஷம் நிஜமாகவே ஒரு டாக்டரின் கார் வந்தபோது, அதைப் பற்றிச் சொல்ல அவரிடம் புதிதாக ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. பேப்பர் வேலை என்னுடையது. பெயர் மாற்றம், வரி, மற்ற மாநிலத்திலிருந்து வரும் வண்டிகளுக்கான காகிதம் எல்லாம் நான்தான் பார்ப்பேன்.

அந்த டாக்டர் அண்ணனுடைய டாக்டர்தான். வயதாகி, வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய்விட்டார். அண்ணனுக்கு வேலை போயிற்று. பாகாலாவில் அண்ணி யசோதாவோடு உட்கார்ந்துவிட்டான். காரைக் கமிஷனுக்கு விற்கச் சொல்லி எங்கள் மனையில் விட்டார்கள். அதே வாரம் என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து இன்னொரு கார் கொண்டுவந்தார். அதே கம்பெனி, அதே உருவம், 2020 மாடல். பேங்க்காரன் ஜப்தி செய்த வண்டி என்றார். அதை வாங்க என் கழுத்துச் சங்கிலியும் வளையலும் போயிருந்தன. பழைய இன்சூரன்ஸ் பேப்பர் எங்கே என்று கேட்டேன்; வண்டிக்கு முன்னால் என்ன ஆனது என்பது அதில்தான் தெரியும். "கெடச்சா தர்றேன்" என்றார். மறுபடி நான் கேட்கவில்லை. என் மேல் எனக்கிருக்கும் கோபத்தில் முதல் பங்கு அதற்குத்தான்.

ஜெபகுமார் அரக்கோணத்துப் பையன். புத்தூரில் குடியிருந்துகொண்டு ஸ்ரீசிட்டி தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போக இரண்டு வேன் விட்டிருந்தான். வெளிநாட்டு மேனேஜர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர ஒரு பெரிய கார் இருந்தால் மாத ஒப்பந்தம் தருகிறோம் என்று தொழிற்சாலையில் சொல்லியிருந்தார்கள். புது மாடலாக இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தார்கள். மனைவி ரேகாவையும் மூன்று வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து, பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு கார்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நாலு வருஷம் இளையது, ஆனால் விலை ஏறக்குறைய ஒன்று. ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்க மாட்டார்கள். நம் ஆட்களுக்கு வருஷத்தைச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆனால் ஜெபகுமார் அந்த அளவுக்கு ஏமாளி இல்லை.

"வேங்கடாசலம் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா. உங்க அண்ணன்தான்னு தெரியும். சொந்தக்காரங்களுக்காகக்கூட அவர் பொய் சொல்ல மாட்டாருன்னு புத்தூர்ல சொன்னாங்க" என்றான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

புதன்கிழமை விடிந்ததும் அண்ணன் வந்தான். டாக்டர் காரை நெருங்கவே இல்லை. அதில் அவனுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? 2020 மாடலின் பானெட்டில் கை வைத்தான், கதவைத் திறந்தான். நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டு பெல்ட்டை முழுக்க இழுத்தான். இழுத்த கை அப்படியே நின்றது. பிறகு பெல்ட்டைச் சட்டென்று விடாமல், கையோடு கொண்டுபோய் மெதுவாக உள்ளே விட்டான். நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தான். டீக்குத்தான் பார்க்கிறான் என்று நினைத்து நான் போட்டுக்கொண்டு போனேன். வயிறு சரியில்லை என்று குடிக்கவில்லை.

"அண்ணா, எத எடுக்கலாம்?" என்று ஜெபகுமார் கேட்டான்.

"ரெண்டும் நல்ல வண்டிதான். புதுசு வேணும்னா புதுச எடு. உன் இஷ்டம்."

ஜெபகுமார் அன்றைக்கே 2020 மாடலுக்கு அட்வான்ஸ் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பாஸ்டரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணி வண்டியை எடுப்பதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை டாக்டர் காரைச் சித்தூர் கான்ட்ராக்டர் ஒருவர் வாங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பேப்பர்களை வைக்க ஜெபகுமார் எடுக்கப்போகும் காருக்குள் உட்கார்ந்தேன். 'உன் இஷ்டம்' என்ற வார்த்தை மூன்று நாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. யாருடைய இஷ்டத்தையும் கேட்காதவன் அவன். பின்சீட்டுக்குப் போய் பெல்ட்டை இழுத்தேன். பாதி வரைக்கும் கருப்பு, புதுசு. கடைசி முழத்தில் பழுப்பாக ஒரு கறை, குறுக்கே கோடு போட்டது போல. நகத்தால் சுரண்டினேன். வண்டல் மண் உதிர்ந்தது. சீட்டை மாற்றலாம், மேட்டை மாற்றலாம், உள்ளே சுருண்டு கிடக்கும் பெல்ட்டை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சென்னை வெள்ளத்தில் கண்ணாடி வரைக்கும் முழுகிய வண்டி. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அண்ணன்தான். "தண்ணியில நின்ன வண்டி ஓடும். பிரேக்கு எப்ப கைய உடும், ஏர்பேகு தொறக்குமா தொறக்காதான்னு அத்த செஞ்சவனுக்கே தெரியாது" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான்!

என் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். அவர் மறுக்கவில்லை, அந்த மரியாதைகூட எனக்குத் தரவில்லை.

"வெள்ளத்துல ஆயிரம் வண்டி முழுகிச்சி. அதெல்லாம் எங்க போச்சின்னு நெனச்ச? எல்லாம் ரோட்லதான் ஓடிக்கினு கீது" என்றார். "உங்க அண்ணனே பாத்துட்டு வாயத் தொறக்கல. உனுக்கின்னா வந்துச்சி?"

அடுத்த பஸ்ஸில் பாகாலா போனேன். அண்ணன் வாசலில் தன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. துணியைக் கீழே வைத்தான்.

"பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"அந்த வண்டியில உன் நகை கீது. அது விக்காம நின்னுட்டா மாப்ளைக்கு அந்த மனைய காலி பண்றத்தத் தவர வேற வழியில்ல. நீ எங்க போவ?"

"நான் எங்க போவேன்னு நான் பாத்துக்கறேன். அந்தக் கார்ல அவன் பொண்டாட்டி புள்ளையோட போவான்ண்ணா. எனக்காகன்னு நீ செஞ்சியே, என்ன ஒரு வார்த்த கேட்டியா? என் பேரச் சொல்லி அவங்கள நீ கொல்லப் பாப்ப, அந்தப் பாவம் மட்டும் எனக்கா?"

இப்படித்தான் கேட்டேன். குறைத்துச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், கேட்கட்டும். முப்பது வருஷம் யாருக்கும் வளையாதவன், முதல் தடவை வளைந்தது என் பெயரில். அண்ணன் என்றால் உரிமை என்று நினைத்துக்கொண்டான். தங்கையின் வாயையும் சேர்த்துத் தானே மூடிவிடலாம் என்று எந்த உரிமை சொல்கிறது?

"நாளைக்கு நீயே வந்து சொல்லு" என்றேன்.

அவன் துணியை எடுத்து மறுபடி ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஜெபகுமார் கூப்பிட்டிருந்தான். அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கார் பக்கத்தில் நின்றான். பாஸ்டர் வந்தார். ரேகா குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து போட்டோ எடுத்தாள். அண்ணன் சொல்வான், இதோ சொல்வான் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாஸ்டர் காரின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். அப்போதும் அவன் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் கிடப்பதைத்தான் பார்ப்பானாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கொஞ்சம் நிறுத்துங்க ஐயா" என்றேன். "ஜெபகுமாரு, இது வெள்ளத்துல முழுகுன வண்டி. எடுக்காத."

பெல்ட்டை இழுத்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்; பாஸ்டருக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். ரேகா குழந்தையை வாரி வெளியே எடுத்தாள். ஜெபகுமார் என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரையும் பார்க்கவில்லை.

"அண்ணா, நீங்க பெல்ட்ட இழுத்தீங்கல்ல? நான் பக்கத்துலதான நின்னேன்" என்றான்.

"இழுத்தேன்பா."

"தெரியுமா?"

"தெரியும்."

ஜெபகுமார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உங்களக் கேட்டதாலதான்ணா அந்தப் பழைய வண்டிய விட்டேன்" என்று மட்டும் சொன்னான். அட்வான்ஸை நாளைக்கு அனுப்புங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு வேனில் ஏறிப் போனான். அந்த மாத ஒப்பந்தம் வேறு ஒருத்தனுக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நானும் அண்ணனும் மட்டும் ரோட்டோரம் நின்றோம்.

"முப்பது வருசத்துல உனக்காக ஒண்ணே ஒண்ணு மறச்சேன், கன்னிகா" என்றான். "நான் மறச்சத எனக்காக நீ மறச்சிருக்கக் கூடாதா? அவன்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம். போன்ல சொல்லியிருக்கலாம். எல்லார் எதிர்லயும் என்ன நிக்க வெச்சிட்டியே."

அவன் சொன்னது உண்மை. ராத்திரியே போனில் சொல்லியிருக்கலாம். நான் அவன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன், வராத கோபத்தில் அவனைச் சந்தியில் நிறுத்தினேன். ஆனால் அவனும் என்னைக் கேட்காமல்தானே என் பெயரில் செய்தான்? யாருக்காகவோ என்று சொல்லிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் செய்ததைச் சுமந்தது ஒன்றும் தெரியாத ஜெபகுமார்.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தக் கார் இன்னும் எங்கள் மனையில்தான் நிற்கிறது. 'வெள்ளத்தில் முழுகியது' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுகிறேன். என் வீட்டுக்காரர் கிழிக்கிறார், நான் மறுபடி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இப்போதைக்குப் பேச்சுவார்த்தை அதுதான்.

அண்ணன் அதற்குப் பிறகு யாருக்கும் வண்டி பார்க்கப் போகவில்லை. பாகாலாவில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். போன மாதம் புத்தூரிலிருந்து யாரோ ஒரு பெரியவர் எனக்கு போன் செய்தார். மகனுக்குக் கார் வாங்க வேண்டும், வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். நான் பேப்பர் பார்க்கிறவள், வண்டி பார்க்கிறவள் இல்லை, என் நம்பரை யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"வேங்கடாசலத்ததாம்மா கேட்டேன். நான் பாக்கறத உட்டுட்டேன், என் தங்கச்சியக் கூட்டிக்கினு போங்க, அது கூடப் பொறந்தவன் மூஞ்சியக்கூடப் பாக்காதுன்னு சொன்னாரு."

மறுநாள் விடிந்ததும் புத்தூருக்குப் போனேன். என் அண்ணனோடு இன்னும் பேசவில்லை.