பல் டாக்டரும் குடைப் பாட்டும்

பலகையில் பல் டாக்டர் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'பல்லவி டாக்டர்'. பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனவரைப் பல்லவிக்கு அர்த்தம் சொல்லாமல் விடவே மாட்டார் மனுஷன். அலமாரி மேலிருக்கும் பாட்டுப் பெட்டியில் பழைய சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல வரி வந்துவிட்டால் போதும், கையிலிருக்கும் குறடு அந்தரத்தில் நின்றுவிடும். கீழே ஒரு ஜீவன் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதே என்ற கவலையே கிடையாது.

"இந்த வரியைக் கேட்டீங்களா? என்னமா எழுதியிருக்கான் பாருங்க!" என்பார்.

"ஆ..." என்பார் கிடப்பவர்.

டாக்டருடைய ஆசையெல்லாம் ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருத்தர் ஒரு நல்ல வரியைக் கேட்டு "ஆகா" என்று சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவருக்கு வாய்த்ததெல்லாம் "ஆ" மட்டும்தான். "கா" வந்த பாடில்லை. எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "எப்பங்க சாப்பிடலாம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று டாக்டர் பெருமூச்சு விடுவார்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவர் வீட்டுக்காரம்மா. அன்று காலையில்தான் அந்த அம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

"வலின்னு வர்றவங்களுக்குப் பாட்டு விளக்கம் எதுக்குங்க? போன மாசம் மூணு பேர் அடுத்த தெரு டாக்டர்கிட்ட ஓடிட்டாங்க. இன்னொரு தடவை பாட்டுக்காகக் கையை நிறுத்தினீங்க, அந்தப் பெட்டியைத் தூக்கிப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடுவேன். சொன்னா சொன்னதுதான்!"

சொன்னால் செய்துவிடுகிற ரகம். டாக்டர் ஆடிப்போனார். பெட்டி போய்விட்டால் அவருக்கு இந்த உலகத்தில் வேறென்ன இருக்கிறது?

பதினோரு மணிக்கு ஒரு லாரி டிரைவர் வந்து படுத்தார். மலை மாதிரி ஆள், ஊசியைப் பார்த்ததும் பச்சைப்பிள்ளையாகி நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வாய் மரத்துப்போய், கடைவாய்ப் பல் பாதி அசைந்தும்விட்டது. அப்போது பார்த்துத்தானா அந்தப் பாட்டு வரவேண்டும்!

நீ கொடுத்த குடைக்குள்ளே
நான் மட்டும் நனைகின்றேன்...

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். தம்முடைய பல்லைத்தான். மூச்சை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. வருவது வரட்டும் என்று டிரைவரின் காதருகே குனிந்தார்.

"குடைக்குள்ள எப்படிங்க நனைய முடியும்? அங்கதான் கவிஞன் நிக்கறான்! வெளிய பெய்யறது மழை, உள்ள பெய்யறது காதல். எப்படி?"

டிரைவர் மண்டையை இடமும் வலமும் ஆட்டினார்.

"வலிக்குதா?"

அதற்கும் ஆட்டினார். வாய் நிறையப் பஞ்சு. ஒரு கையால் குடை பிடித்துக் காட்டி, மறு கை விரலால் அதில் ஓட்டை போட்டுக் காட்டினார்.

"ஓட்டைக் குடையா? அடப்பாவி மனுஷா! என் பாட்டையே கெடுத்துட்டீங்களே!"

"ரெண்டும் இல்ல" என்று ஒரு குரல் கேட்டது.

கதவருகே வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். டாக்டர் சட்டென்று நகர்ந்து பெட்டியை மறைத்துக்கொண்டார்.

"குடை நல்ல குடைதான். 'நான் மட்டும்'னு பாடறாளே, காதுல விழலையா? குடையைக் கொடுத்தவன் கூட நடந்து வரல. அவ அழுதழுது நனையறா. இது கூடவா புரியல?"

டாக்டர் குறடும் கையுமாக அப்படியே நின்றார். எத்தனையோ வாய்களுக்கு மேலே குனிந்து அந்த வரியை விளக்கியிருக்கிறார், இது மட்டும் ஒரு நாளும் தோன்றியதில்லை. "ஆகா" என்றார். கடைசியில் அதையும் அவரேதான் சொல்ல வேண்டியிருந்தது.

"உனக்குப் பாட்டெல்லாம் பிடிக்குமா? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

"நீங்க கேட்டதெல்லாம் வாயைத் திறந்து வெச்சிருக்கறவங்களைத்தானே? அந்தப் பக்கம் சும்மா உக்காந்திருந்த என்னை ஒரு நாளாவது கேட்டீங்களா?"

டாக்டர் மூலையிலிருந்த முக்காலியை இழுத்து, தம் பக்கத்தில் போட்டார்.

"இப்ப கேக்கறேன். உக்காரு. சரணம் வரப்போகுது."

அந்த அம்மா உட்கார்ந்தார். பெட்டியின் சத்தத்தையும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"ஆ!" என்றார் டிரைவர்.

"இருங்க தம்பி, பாட்டு முடியட்டும்" என்றார் அந்த அம்மா.