சென்ற் பூசிய வேட்டைக்காரர்

என் மாமா கயோட்டி வேட்டைக்குப் போகிற நாட்களில் வாசனைச் சென்ற் பூசிக்கொண்டுதான் போவார். கயோட்டி என்பது நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் இருக்கிற மாதிரி ஒரு பிராணி. வயலின் அந்தக் கரையில் நிற்கிற மனிதனை இந்தக் கரையிலிருந்தே மோப்பம் பிடித்துவிடும். அதைத் தேடிப் போகிறவர்கள் வாசமில்லாத சவர்க்காரத்தால் உடுப்பைத் தோய்த்து, வெளிக்காற்றில் உலரவிட்டுப் போட்டுக்கொள்வார்கள். மாமாவோ தலைக்கு ஜெல் வைத்து, கழுத்தின் இரண்டு பக்கமும் சென்ற் அடித்துக்கொண்டு கிளம்பினார். பத்து வயதில் எனக்கு இது பெரிய மனவருத்தமாக இருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், மோர்னிங்சைட்டில், எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தார், பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோகிற ட்ரக் ஓட்டினார். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை என்பது அம்மாவின் நிரந்தரக் கவலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் வேட்டைப் பயிற்சி வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதில், மாமா துவக்கு லைசென்சும் வேட்டை லைசென்சும் எடுத்து, ஒரு துவக்கும் வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அதற்கு வேலை வந்தது ஆட்டிறைச்சியால். நகரத்துக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருந்த ஒரு பண்ணையில்தான் நாங்கள் ஆடு வாங்குவோம். நடத்தியவர் மன்னார்ப் பக்கத்து அன்ரி ஒருவர். கணவர் நெஞ்சுவலியில் இறந்தபிறகு எல்லோரும் பண்ணையை விற்கச் சொன்னார்களாம். அவர் விற்கவில்லை. அந்த வருடம் வசந்தம் தொடங்கியதும் அவருடைய ஆட்டுக்குட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வேலியோரம் ரத்தமும் மயிரும் கிடந்தன. இறைச்சி எடுக்கப் போன மாமாவிடம் அன்ரி இதைச் சொல்ல, மாமா தன்னிடம் இருக்கிற லைசென்சுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமையே வேட்டை தொடங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை. என்னை வீட்டில் தனியே விட முடியாது. அதனால் நானும் வேட்டைக்குப் போனேன்.

வேட்டையில் எனக்கு ஒரு பதவியும் இருந்தது. கயோட்டியைக் கூப்பிடுவது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்கள் எல்லாம் வேகமான இங்கிலீஷில் இருந்தன. மாமாவுக்குப் பாதி விளங்காது. நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லுவேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே எனக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. காரைத் தூரத்தில் நிறுத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்து. காற்று முகத்துக்கு நேரே அடிக்கிற இடமாகப் பார்த்து உட்கார். முதுகுக்குப் பின்னால் மரமோ புதரோ இருக்கவேண்டும், இல்லையென்றால் உன் உருவம் வானத்தில் வெட்டி ஒட்டின மாதிரித் தெரியும். காயப்பட்ட முயல் மாதிரி அழுகிற ஊதலை முதலில் மெதுவாக ஊது. அது கிட்டவே படுத்திருந்தால் பெரிய சத்தத்துக்கு ஓடிவிடும். ஊதிவிட்டுக் கனநேரம் பேசாமல் இரு. வருகிற கயோட்டி நேரே வராது, வளைந்து போய் உன் வாசத்தைப் பிடிக்கப் பார்க்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், அசையாதே.

மாமா இதில் ஒன்றையும் செய்யவில்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் வைக்கோல் உருளைகளுக்குப் பக்கத்தில்தான் இருப்பார். அங்கிருந்து காட்டோரம் சரியாகத் தெரியாது, வீட்டின் பின்கதவு நன்றாகத் தெரியும். ஊதலை எடுத்த எடுப்பிலேயே ஊரைக் கூட்டுகிற மாதிரி ஊதுவார். ஊதி முடித்துச் சற்று நேரத்தில் பின்கதவு திறக்கும். சிவப்பு ஜக்கெட் போட்டுக்கொண்டு, கையில் தேத்தண்ணிப் போத்தலோடு அன்ரி வயலைக் கடந்து வருவார். பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஆடுகளைப் பற்றியும் குளிரைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். மாமா வீட்டில் ஒரு மாதத்தில் பேசுகிற அளவு அந்த வைக்கோலுக்குப் பக்கத்தில் ஒரு காலையில் பேசினார்.

நான் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் அன்ரியிடமே மரியாதையாகச் சொன்னேன், வயலில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் கயோட்டி வராது என்று. அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "ஓம் பிள்ளை, அது என்ர பிழைதான்" என்றார். அடுத்த கிழமை அவர் வேலிக் கதவான படலையோடு நின்றுகொண்டார். மாமா எழும்பி அங்கே போனார். துவக்கை விட்டுப் போகக்கூடாது என்பதால் அதையும் தோளில் கொழுவிக்கொண்டு போய், படலையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்தார். நான் வைக்கோலடியில் அசையாமல் இருந்தேன்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் அம்மா வேட்டையைப் பற்றி விசாரிப்பார். என்ன நடந்தது, என்ன சாப்பிட்டீர்கள், அன்ரி என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்பார். நான் ஒன்றும் விடாமல் சொல்லுவேன். அன்ரியின் கழுத்தில் சின்னச் சிலுவை இருப்பதையும் சொன்னேன். "வேதக்காரரோ?" என்று கேட்டுவிட்டு அம்மா வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மாமாவைப் பார்த்து, "ஒரு நரியைப் பிடிக்க எத்தினை சனிக்கிழமை வேணும்? வாற கிழமையோட நிப்பாட்டு" என்றார். மாமா தட்டைப் பார்த்தபடி ஓம் என்றார்.

எனக்கு மாமாவின் மானம் போய்விட்டதாகப் பட்டது. வேட்டை தெரியாதவர் என்று சொந்த அக்காவே சொல்லிவிட்டார். அந்தக் கடைசிச் சனிக்கிழமையை வீடியோக்களில் சொன்னபடியே நடத்துவது என்று நான் முடிவுசெய்தேன்.

அன்றைக்கு மாமாவும் ஏனோ எதிர்த்துப் பேசவில்லை. பண்ணையில் இறங்கியதும் குழாயடியில் அவருடைய கழுத்தைக் கழுவவைத்தேன். வைக்கோல் பக்கம் போகவிடாமல், கீழே சிற்றாற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பெரிய தேவதாரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து இருந்தோம். காற்று எங்கள் முகத்தில் அடித்தது. அங்கிருந்து வீடு தெரியாது. மாமா ஒருமுறை திரும்பிப் பார்த்தார், "அசையாதைங்கோ மாமா" என்றேன். ஊதலையும் நானே வாங்கிக்கொண்டேன்.

மெதுவாக ஊதினேன். ஒரு முயல் குட்டி ஈனமாக அழுகிற சத்தம் தண்ணீருக்கு மேலால் போனது. பிறகு காத்திருந்தோம். கால் விறைத்தது. இன்னொரு முறை ஊதினேன். காய்ந்த புல்லுக்குள் புல்லின் நிறத்திலேயே ஏதோ நின்றது. அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. காதுகள் மட்டும் எங்களை நோக்கித் திரும்பியிருந்தன. வீடியோவில் சொன்ன மாதிரியே அது வளைந்து நடக்கத் தொடங்கியது.

அது ஒரு மரத்துக்குப் பின்னால் போனபோது மாமா துவக்கை உயர்த்தினார். மற்றப் பக்கத்தால் வெளியே வந்து நின்றது. மாமா சுடவில்லை. அது இன்னும் கொஞ்சம் நடந்தது, அப்போதும் சுடவில்லை. நான் மூச்சுக்குள், "மாமா, இப்ப" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார், சுட்டார். அது இருந்த இடத்திலேயே விழுந்தது.

சத்தம் கேட்டு அன்ரி ஓடிவந்தார். நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றோம். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்கு அழுகை வரப் பார்த்தது, ஆனால் வேட்டைக்காரி என்பதால் அடக்கிக்கொண்டேன். அன்ரி சிலுவையைத் தொட்டுக்கொண்டு, "பாவம். ஆனா என்ர குட்டியள் இனித் தப்பியிடும்" என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "இனி வேற ஒண்டும் வராதோ?" என்று கேட்டார்.

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். "இல்லை அன்ரி, ஒவ்வொரு கயோட்டிக்கும் ஒரு டெரிட்டரி இருக்கு. இந்த இடம் இப்ப எம்ப்டி. ஃபோல்ல, இலை கொட்டுற காலத்தில, இளசுகள் இடம் தேடி வரும். அதுவரைக்கும் வராது, நீங்கள் வொறி பண்ண வேண்டாம்."

"ஃபோல் வரைக்கும் வராதோ" என்றார் அன்ரி.

"வராது" என்றேன் உறுதியாக.

இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்லியும் ஒருவரும் சந்தோஷப்படாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்ரி ஒரு ஆட்டுக்காலைப் பொதிசெய்து தந்து, காருக்கு அருகில் கொஞ்ச நேரம் நின்றார். மாமா வீடு வரும்வரை ரேடியோகூடப் போடவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் மாமா பேஸ்மென்ட்டில் படுத்திருந்தார். அம்மா யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து இரண்டு பெண்களின் சாதகங்களை வரவழைத்தார். மாமா அவற்றைப் பிரித்தும் பார்க்கவில்லை. சாப்பாடு குறைந்தது. கோடை தொடங்கிய ஒரு சனிக்கிழமை, அம்மாவுக்கு லீவு நாள், எங்கள் வீட்டுப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். பண்ணை அன்ரி. மாமாவின் செல்போன் அடித்தபடியே இருக்கிறதாம், எடுக்கிறார் இல்லையாம். கயோட்டி திரும்ப வந்துவிட்டதா என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து, "ஓம் பிள்ளை, சத்தம் ஒண்டு கேட்டது" என்றார். எப்படிக் கத்தியது, ஒன்றா பலவா, எந்தப் பக்கம் என்று விசாரித்தேன். அவருக்கு ஒன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அது பக்கத்து வீட்டு நாயாக இருக்கும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு, கீழே போய் மாமாவிடமும் அதையே சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அன்ரி அடுத்த வருடம் எனக்கு மாமியானார். அம்மா சில மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, கல்யாணத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்று பலகாரம் சுட்டார். ஆனால் அன்றைக்கு எனக்கு இதொன்றும் தெரியாது. இரும்புப் பெட்டியைத் திறக்காமலே மாமாவின் கார் டிரைவ்வேயால் இறங்கிப் போவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அம்மாவிடம் போய், அங்கே கயோட்டியே இல்லை, மாமா வீணாகப் போகிறார் என்று விளக்கினேன்.

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கறிச்சட்டியை மூடினார்.

"அது அவனுக்குத் தெரியும்" என்றார்.

தெரிந்துகொண்டு எதற்குப் போகவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கேயோ நான்தான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் போலும் என்று நினைத்து, கீழே போய் அந்த வீடியோக்களை முதலிலிருந்து திரும்பப் பார்க்கத் தொடங்கினேன்.