டப்பாவில் வந்த பலம்

போன திங்கட்கிழமை எனக்குக் கைதட்டினார்கள்.

இத்தனை வருடமாகப் பத்தி எழுதுகிறேன். நேரில் கைதட்டல் வாங்கியது கிடையாது. இது வேறு இடம். செம்பூரில் ஒரு மெடிக்கல் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஜிம். பதினொன்றரை மணி, லேடீஸ் பேட்ச். தரையில் கிடந்த நாற்பது கிலோ இரும்பைத் தொடை உயரத்துக்குத் தூக்கி நிமிர்ந்து நின்றேன். வயது ஐம்பத்தெட்டு. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தேன். சிரிக்காதீர்கள்.

"ஆன்ட்டி, வீடியோ எடுத்துட்டேன். ஸ்டேட்டஸ்ல போடட்டா?" என்றாள் நஸ்ரின். எங்கள் ட்ரெய்னர். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அவள் வாப்பாவின் ஊரும் என் ஊரும் திருநெல்வேலிப் பக்கம் அடுத்தடுத்த பஸ் ஸ்டாப்.

"தாராளமாப் போடு" என்றேன். அந்தத் திமிர் வியாழக்கிழமை மதியம் வரை இருந்தது.

இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். அம்பர்நாத்தில் ஒரு ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தவர். தினமும் குர்லாவில் வண்டி மாறி, தொங்கிக்கொண்டு போய் வந்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு காலை பல் தேய்க்கும்போது இடது கையிலிருந்த சொம்பு நழுவியது. ஸ்ட்ரோக். இடது கை, இடது கால் போயிற்று. பேச்சு வரும், ஆனால் குழறும். மற்றவர்களுக்குப் புரியாது. எனக்குப் புரியும்.

அவரைத் தூக்க, உட்கார வைக்க, குளிப்பாட்ட ஒரு வார்டுபாய் வந்துகொண்டிருந்தார். கொங்கண் பக்கத்துக்காரர். கண்பதி பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாளில் வருகிறேன் என்றார். கண்பதியைக் கரைத்தார்கள், தசரா வந்தது, தீபாவளியும் வந்தது... அவர் வரவில்லை. வார்டுபாய்களை அனுப்பும் ஏஜென்சியில் கேட்டால் இன்று அனுப்புகிறோம், நாளை அனுப்புகிறோம்.

ஒரு காலை நானே தூக்கிப் பார்த்தேன். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு இரண்டடி தூரம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவர் எடை எழுபத்தெட்டு கிலோ. நடுவில் என் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். அடிபடவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் முடியவில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே கட்டில் காலில் சாய்ந்து, இடித்த புளி மாதிரி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு வீட்டு வேலைக்கு வரும் மங்கள் வந்து, எதிர் ஃபிளாட் குஜராத்திக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கினாள்.

அன்று சாயங்காலம் பூனாவிலிருந்து மகன் போன் செய்தான். "அம்மா, பன்வேல் பக்கம் ஒரு சென்டர் இருக்கு. நர்ஸ், டாக்டர் எல்லாம் இருக்காங்க. நீ எத்தனை நாள் இப்படிச் சமாளிப்ப? பிராக்டிகலா யோசி."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னைய அங்க அனுப்பிராத, ஏட்டி."

முப்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் இந்த மனிதர் என்னிடம் கேட்டுக்கொண்டது என்று வேறு ஒன்றும் இல்லை. காபிகூடக் கேட்டது கிடையாது, கொடுத்தால் குடிப்பார். ஆக, கணக்கு நேரானது. என்னால் தூக்க முடிந்தால் வீடு. முடியாவிட்டால் பன்வேல்.

வாரம் இரண்டு நாள் வரும் பிசியோதெரபிப் பெண்தான் சொன்னாள். தூக்கும் முறையைச் சொல்லித் தரலாம், ஆனால் உங்கள் தொடையில் சதையே இல்லையே, முதுகால் தூக்கினால் நீங்களும் படுத்துவிடுவீர்கள் என்று. மறுநாளே ஜிம்மில் பெயர் கொடுத்தேன். மங்கள் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அவரை டிவி முன்னால் விட்டு, அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தில் நான் ஓடிவிட்டு வருவேன்.

முதல் வாரமே நஸ்ரின் கேட்டாள். "ஆன்ட்டி, புரோட்டீன் எவ்வளவு எடுக்கீங்க?"

"தினமும் சாம்பார் வைக்கேனே."

"அரே ஆன்ட்டி, உங்க சாம்பார்ல பருப்பு எங்க இருக்கு? தண்ணிதான் இருக்கு. அதுல மசில் எப்பிடி வரும்? பவுடர் எடுங்க. பின்தாஸா, பயப்படாம எடுங்க, ஒண்ணும் ஆகாது."

இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு அந்தக் கறுப்பு டப்பா வந்தது. ஒரு சின்ன பக்கெட் அளவு. மேலே, சட்டை போடாத ஒரு வாலிபனின் மார்பு — தலை கிடையாது. உள்ளே சாக்லேட் நிறத்தில் பொடி. அதை அடுப்படியில் புளி டப்பாவுக்கும் மல்லித்தூள் டப்பாவுக்கும் நடுவில் வைத்தேன். வேறு எங்கே வைப்பது?

தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னாள். நமக்கு எதையும் பச்சைத் தண்ணீரில் குடித்துப் பழக்கம் உண்டா? கொதிக்கிற பாலில் டிகாக்ஷன் விட்டு அதில் இரண்டு கரண்டி போட்டேன். திரிந்த பால் மாதிரிக் கட்டி கட்டியாகத் திரண்டது. சரி, தோசை மாவில் கலந்தால் தெரியாது என்று அதையும் செய்தேன். கல்லைவிட்டு வரவில்லை. பில்டிங் முழுக்கச் சாக்லேட் தீய்ந்த வாசனை. மூன்றாம் நாள்தான் வழிக்கு வந்து குளிர்ந்த தண்ணீரில் குலுக்கிக் குடித்தேன். வயிறு உப்பி, ராத்திரி முழுக்க ஏப்பம். இவர் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் வலது ஓரம் மட்டும் மேலே போனது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒருநாள், எனக்கும் கொஞ்சம் கொடு என்று சைகை காட்டினார். ஒரு ஸ்பூன் கொடுத்தேன். சப்புக்கொட்டினார். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் இவருக்கும் இதைத் தரலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். இருபது வருடச் சர்க்கரை கிட்னியைத் தின்றிருக்கிறது. பருப்பையே அளந்து கொடு என்றவர் பவுடருக்கா சம்மதிப்பார்?

அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது: ஆரோக்கியமானவர்களுக்கு மட்டும். ஆரோக்கியமாக இருக்கிறவனுக்கு இது எதற்கையா? கடையில் விற்கிற பலமெல்லாம் ஏற்கெனவே பலம் உள்ளவனுக்குத்தான் போலிருக்கிறது.

ஆனாலும் குடித்தேன். அவர் கரைத்த சாதத்தை ஸ்பூன் ஸ்பூனாக விழுங்க அரை மணி நேரம் ஆகும். பாதியில் போதும் என்று வாயை மூடிக்கொள்வார். அவரெதிரே உட்கார்ந்து நான் மடக் மடக்கென்று குடிப்பேன். அவருக்காகத்தானே குடிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மாதங்கள் போயின. அதுவரை மங்களும் எதிர் ஃபிளாட்காரரும் கைகொடுத்துத்தான் அவரைத் தூக்கி வைத்தோம். பத்து கிலோ, இருபது, இருபத்தைந்து. முழங்கால் முனகுவதை நிறுத்தியது. ஜனவரியில் ஒருநாள் காலை, அவர் கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முழங்காலை மடக்கி, ஒன்று... இரண்டு... மூன்று. வீல்சேரில் உட்கார்ந்திருந்தார். யாரும் உதவவில்லை. முதுகும் பிடிக்கவில்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் சுலபமானது. கட்டிலிலிருந்து சேர், சேரிலிருந்து கமோடு, கமோடிலிருந்து சேர். மங்கள் வாயில் கை வைத்துப் பார்த்தாள். "லய் பாரி, தாயி" என்றாள், பிரமாதம் அக்கா என்று மராத்தியில். மகனுக்கு வீடியோ காலில் ஒருமுறை தூக்கிக் காட்டினேன், சர்க்கஸ்காரி மாதிரி. "சூப்பர்ம்மா" என்றான். பன்வேல் பேச்சை அவன் எடுக்கவில்லை. எல்லாம் டப்பா செய்த வேலை என்று இரண்டாவது டப்பாவும் வாங்கினேன்.

வியாழக்கிழமை செக்கப்.

நிற்க முடியாத ஆளை எடை பார்ப்பது பெரிய பாடு. இதுவரை யாரும் பார்க்கவில்லை. பேப்பரில் பழைய எழுபத்தெட்டையே ஒவ்வொரு தடவையும் எழுதி வந்தார்கள். இந்தத் தடவை வீல்சேரோடு ஏற்றி எடை பார்க்கும் பலகை ஒன்று புதிதாக வந்திருந்தது. நர்ஸ் இவரைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். நான் டாக்டரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன் — இப்போது நான் ஒற்றை ஆளாகத் தூக்குகிறேன், ஆள் வைக்கவில்லை, ஜிம்முக்குப் போகிறேன், பவுடர் குடிக்கிறேன்.

நர்ஸ் சேரின் எடையைக் கழித்துவிட்டுச் சொன்னாள். "பச்பன்."

ஐம்பத்தைந்து.

மெஷின் தப்பு என்றேன். அவள் மறுபடி ஏற்றினாள். பச்பன்.

டாக்டர் பேப்பரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு இந்தியில் மெதுவாகக் கேட்டார். "வீட்டில் யாருக்குமே தெரியவில்லையா?"

யாருக்கு என்றால், எனக்குத்தானே? தினமும் நாலு தடவை தூக்குகிறவள் நான். ஜிம்மில் எந்தத் தட்டு எத்தனை கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். பைஜாமா இடுப்பில் நிற்கவில்லை என்று எலாஸ்டிக்கைத் திட்டினேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு சைஸ் சின்னதாக வாங்கினேன், இந்தக் கடைக்காரனின் அளவே தனி என்று நினைத்துக்கொண்டு. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. வாரா வாரம் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற பல்லி இது.

அசைவில்லாத சதை கரைகிறது என்றார் டாக்டர். சாப்பாடு இறங்கவில்லை, சர்க்கரை, கிட்னி — எல்லாம் சேர்ந்துகொண்டது. புரோட்டீனை ஏற்றிக் கொடுக்கலாம் என்றால் கிட்னி தாங்காது. கொடுக்காவிட்டால் உடம்பு தாங்காது. முடிந்ததைப் பார்ப்போம் என்றார். டாக்டர்கள் அந்த வார்த்தையை எப்போது சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சயான் சிக்னலில் வண்டி நின்றது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் என் கையைச் சுரண்டினார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கொறையுதுன்னு. மோதிரம் கழண்டு விழுந்துட்டுல்லா... பொங்கலுக்கு முன்ன. தலகாணிக்கு அடியில வச்சிருக்கேன்."

அவர் விரலைப் பார்த்தேன். வலது கை மோதிர விரலில் வெள்ளையாக ஒரு தடம் மட்டும் இருந்தது. அந்தக் கையைத்தான் இரண்டு மாதமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"பொறவு ஏங்க எங்கிட்ட சொல்லல?"

வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"நீ சந்தோசமா இருந்த. பயகிட்ட... போன்ல சிரிச்சிப் பேசுன. நான் என்னத்துக்கு கெடுக்கணும்?"

சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்து எவனோ ஹாரன் அடித்தான். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரேடியோவைக் குறைத்தார். என்ன பேச? ஏமாற்றினீர்களே என்று சண்டை போடவா? என் சந்தோஷத்துக்காக ஒரு மனிதர் கரைந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தார், அதையும் நான் என் பலம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜிம்முக்குப் போய் நஸ்ரினிடம் சொன்னேன். அவள் டவலை முறுக்கிக்கொண்டே நின்றாள். பிறகு, "ஆன்ட்டி, உங்க ஸ்ட்ரென்த் பொய் இல்ல. நீங்க தூக்குனது நெஜமான வெயிட்" என்றாள். நல்ல பிள்ளை. அவள் சொல்வது சரிதான். நான் தூக்கினேன் என்பது நிஜம். யாருக்காகத் தூக்கினேனோ அவர் குறைந்துகொண்டிருக்கிறார் என்பதும் நிஜம். இரண்டில் எதனால் காரியம் நடந்தது என்று பிரித்துச் சொல்ல எந்த ட்ரெய்னராலும் முடியாது.

அவர் பன்வேல் போகவில்லை. கேட்டதை நிறைவேற்றிவிட்டேன். வீட்டில்தான் இருக்கிறார், வீட்டில்தான் இருப்பார். இதை எழுதும்போது அடுத்த அறையில் தூங்குகிறார். விடிந்ததும் கூப்பிடுவார், நான் போய்க் குனிவேன், அவர் கழுத்தில் கையைப் போடுவார்.

கடவுளே, நாளைக்கு மட்டும் இந்த மனிதர் பழையபடி கனத்து, என்னால் தூக்க முடியாமல் போகட்டும்.