நாலு வால்வு யூபோனியம்

எங்கள் கல்யாண பேண்டு செட்டின் தலைவர் பரமக்குடிக்குப் யூபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுகருவி ஒன்றைப் பழசாக வாங்கப் போனபோது, அதை ஊதப்போகும் என்னையும் கூட்டிப் போனார். தூக்கி வருவதற்குத்தான் என்பது அங்கே போன பிறகு தெரிந்தது.

குடம் வாங்குகிறவரைப் போல அதை விரல் முட்டியால் தட்டிக் கேட்டார். தூக்கிக் கனம் பார்த்தார்.

“அண்ணே, ஒரு தடவை ஊதிப் பாத்துருவோம்” என்றேன்.

“ஏலே, வாங்குறதுக்கு முன்னாடியே அடுத்தவுக சாமானை எச்சி பண்ணுவியா?” என்று அதட்டினார்.

விற்றவர் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாள பேண்டில் வருஷக்கணக்காக வாய்வைத்து ஊதிய கருவி அது. என் எச்சில்தான் இவருக்குத் தீட்டு.

“எதிர் செட்டுக்காரன்கிட்ட மூணு வால்வுதேன். இதுல நாலு” என்றார். வாங்கிவிட்டார்.

திரும்பும் வழியில், சுரம் மாற்ற விரலால் அமுக்கும் அந்த வால்வுகளை அமுக்கிப் பார்த்தேன். நாலும் களிம்பேறிப் பாதியில் இறுகிக் கிடந்தன. ஊதினால் காற்றுதான் சீறியது. சொன்னேன். புளி போட்டு விளக்கினால் சரியாகும் என்றார். விளக்கியதில் யூபோனியம் பளபளத்தது, வால்வு அசையவில்லை.

மாரியூர்க் கல்யாணத்தில் ஊர்வலம் முடியும்வரை கன்னத்தை உப்பிக்கொண்டு சும்மா நடந்தேன். பெண்வீட்டு வாசலில் தலைவர் என் முதுகைத் தட்டினார்.

“கேட்டியால? நாலு வால்வு சத்தமே தனிதேன்.”