நிற்காமல் ஓடிய ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் பஞ்ச காலத்தில் நான் இலங்கை மலையகத்தில், பதுளையில் ஆசிரியராக இருந்தேன். அரிசியும் மாவும் கிடைக்காமல் தேயிலைத் தோட்டங்களில் சனம் மரவள்ளியையும் காட்டுக் கீரையையும் அவித்துத் தின்றது. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றப் பணம் சேர்க்க ஆசிரியர்கள் சிலர் கூடிப் பேசினோம். பசறையிலிருந்து பதுளை வரை நான் ஓடுவது என்றும், ஓடுகிற ஒவ்வொரு மைலுக்கும் பதுளைக் கடைக்காரர்கள் இவ்வளவு தருவது என்றும் முடிவாயிற்று. மாரத்தான் எனும் மரதன் ஓட்டத்தின் உண்மையான தூரம் அது இல்லை. எங்கள் ஊரில் மூச்சு வாங்க ஓடினால் எல்லாம் மரதன்தான்.

கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர்தான் நிபந்தனை போட்டார். நடந்தால் அந்த மைலுக்குக் காசு கிடையாது, பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்மார் எல்லாரும் தனக்குத் தெரிந்தவர்கள் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து நிற்காமல் ஓட வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகிவிட்டது.

என்னோடு ஓடிப் பழக ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் பிறந்த தோட்டம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அங்கே தபால்காரனாக இருந்தவன் என் வயதுக்காரன், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் வளர்ந்தவன். தோட்டத்துத் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் பசறைக்குப் போய் வருகிறவன். சின்ன வயதில் என்னை வாடா போடா என்றவன், நான் ஆசிரியரான பிறகு மாஸ்டர் என்றும் வாங்க என்றும் கூப்பிடத் தொடங்கியிருந்தான். நான் அவனை 'நீ' என்பதை மாற்றவில்லை.

விடிந்ததும் லயத்துக்குக் கீழே ரோட்டில் நிற்பான். செருப்பில்லாமல் ஓடுவான். நான் ஒரு விளையாட்டுப் புத்தகத்தில் படித்ததையெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது. நடுவில் நிற்கவே கூடாது, நின்றால் கால் இறுகிவிடும், அதுவரை ஓடியதெல்லாம் கெட்டுப்போகும். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான்.

ஓடி முடித்ததும் தின்ன நான் ஒரு அவித்த முட்டை கொண்டு போவேன். ஒருநாள் பாதியைப் பிய்த்து அவனிடம் கொடுத்தேன். அவன் அதை இலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். ஏன் தின்னவில்லை என்று கேட்டேன்.

"திரும்பி ஓடணும்ல, மாஸ்டர். வயித்துல கெடக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அது அவன் மகளுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். நாலு வயதுப் பிள்ளை. பட்டினியில் காலும் முகமும் வீங்கி, வாசலில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அதற்குப் பிறகும் நான் பாதி முட்டையைத்தான் கொடுத்து வந்தேன். முழு முட்டையை ஒருநாளும் கொடுக்கவில்லை. ஓடுகிற உடம்புக்கு வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் கஞ்சிச் சட்டியை அவன் குடியிருந்த தோட்டப் பிரிவில், அவனுடைய டிவிசனில் வைக்க வேண்டும். வைப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

ஓட்டத்துக்குக் குறித்த நாளில் வர முடியாது என்று தலைமை தாங்க வேண்டிய பெரிய அதிகாரி சொல்லியனுப்பினார். இரண்டு கிழமை, பதினாலு நாள், தள்ளி வைக்கலாமா என்று மற்ற ஆசிரியர்கள் என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். நடுவிலிருந்த ஏற்றத்தில் நான் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தேன். அது ஊருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

அவனிடம் போய், "ரெண்டு கிழமைதானே," என்றேன்.

அவன் மேலே லயத்தைப் பார்த்தான். "நமக்கு ரெண்டு கிழமதாங்க," என்றான். 

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை முழுத் தூரத்தையும் ஓடிப் பார்ப்பதாக ஏற்பாடு. பசறையிலிருந்து நான் தனியாக வந்து, லயத்துக்குக் கீழே அவனைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அன்று அவன் அங்கே இல்லை. மேலே அவன் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்பது தெரிந்தது. தோட்டத்தில் சாவு விழுந்தால் அடிக்கிற தப்புப் பறையின் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. மாவு வந்திருக்கிறது போலும், அதற்குத்தான் கூட்டம் என்று நினைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாதவன் என்று அவன்மேல் கோபம்கூட வந்தது. காலை எட்டிப் போட்டு ஓடினேன். ஏற்றத்தையும் நடக்காமல் கடந்தேன்.

சின்னப் பிள்ளைகளின் சாவுக்குத் தப்பு அடிப்பதில்லை. அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததா?

பதுளையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, என் வெற்றியை அவனிடம் சொல்ல வேண்டும் என்றே பஸ் ஏறி வந்து அவன் லயத்தடியில் இறங்கினேன். படியேறிப் போனபோது அவன் வாசற்கல்லில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

"முடிச்சிட்டீங்களா, மாஸ்டர்?"

"முடிச்சிட்டேன். எங்கேயும் நிக்கல," என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன், வாசல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது. உள்ளே அவன் மனைவி சுவரில் சாய்ந்திருந்தாள். பிள்ளை உட்காரும் இடத்தில் யாரும் இல்லை.

 அவன் கீழே ரோட்டைக் காட்டினான்.

"நீங்க கீழ ஓடிப் போறத பாத்தேங்க. கூப்பிடலாம்னு எந்திரிச்சேன். நடுவுல நின்னா எல்லாம் கெட்டுப்போகும்னு சொல்லுவீங்களே. அதான் கூப்பிடல."

குத்திக் காட்டுவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஓட்டத்தன்று அவன் என்னோடு ஓடவில்லை. கருமாதிகூட முடியாத வீடு. ஆனால் லயத்துக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீரோடு நின்றான். அவனைக் கண்டதும் என் கால் நின்றுவிட்டது. அவன் என் தலையில் தண்ணீரை ஊற்றி, முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

"நிக்காதீங்க, மாஸ்டர். ஒரு மைல் காசு போயிரும். மத்தப் பிள்ளைங்க இருக்கு."

ஓடினேன். பதுளையில் அதிகாரி மாலை போட்டார். துணிக்கடை முதலாளி பேசியதற்கு மேலாகவே கொடுத்தார். வாக்குப்படி முதல் சட்டி அவனுடைய டிவிசனில்தான் ஏறியது. விறகு வெட்டி அடுப்பு மூட்டியவன் அவன். வரிசையில் வந்த பிள்ளைகளுக்கு அவன் மனைவி ஊற்றினாள். நான் சட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை.

சில வருஷங்களில், இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவனும் மனைவியும் இந்தியாவுக்குப் போனார்கள். பதுளை ஸ்டேஷனில் வழியனுப்ப நின்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவனும் அதையே என்னிடம் சொன்னான். கேட்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்கவில்லை. ரயில் போய்விட்டது.

இப்போது முழங்கால் தேய்ந்து, கம்பு ஊன்றித்தான் நடக்கிறேன். எந்த வீட்டு வாசலிலாவது நாலு பேர் கூடி நின்றால் ஏறிப் போய் என்னவென்று கேட்கிறேன். பெரும்பாலும் தண்ணீர்க் குழாய்ச் சண்டையாகத்தான் இருக்கும். கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று என் காதுபடவே சொல்கிறார்கள். ஆனாலும் கேட்காமல் அந்த இடத்தைத் தாண்ட என்னால் முடிவதில்லை.