முடியும் என்று சொன்ன பாவம்

பிள்ளைகளா, சீனி டப்பாவைச் சரியாக மூடாமல் எறும்பு ஏறவிட்டதாக அம்மா திட்டும்போது நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கைகாட்டுவீர்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. எட்டாவதோடு நின்ற உங்கள் அப்பாவின் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

முந்தின வருசம் தீபாவளி சீசன் முடிந்த சமயம், விருதுநகரில் ஓர் அரசு அலுவலகத்தில் நடந்தது. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தோம். விசாரணைக்கு வரச் சொன்னார்கள். ஆமத்தூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே போய்விட்டோம்.

அம்மாவின் கை உங்களுக்குத் தெரியும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்தபோது வலது கையில் மூன்று விரல் போனது. இடது கை விரல்கள் வெந்து, மடங்கியபடியே ஒட்டிக்கொண்டன. ஒட்டிய விரல்களைப் பிரித்துவிடலாம் என்று மதுரையில் சொன்னார்கள். பல தடவை போய்வர வேண்டும். அதற்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம்.

டாக்டர் கொடுத்த சான்றிதழை மேசையில் வைத்தேன். அங்கே இருந்தவர் நிமிராமலே கேட்டார்.

"ஏம்மா, வேலை பாப்பியா?"

"பாப்பேன் சார். எல்லா வேலையும் பாப்பேன்" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதும் தெரியும். காலையில் கம்பெனி வேன் பக்கத்தில் போர்மேன் நின்றுகொண்டு, "இன்னைக்கு ஆர்டர் கூட, முடியுமா?" என்பார். காய்ச்சலாக இருந்தாலும், மாசமாக இருந்தாலும் "முடியும்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும். முடியாது என்றவளுக்கு மறுநாள் வேனில் இடமிருக்காது. வருசக்கணக்காக அப்படிச் சொல்லிப் பழகிய வாய். அதிகாரமுள்ள ஓர் ஆள் கேட்டால் அதற்கு வேறு பதில் வராது.

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பினார். "கேட்டீகளா, எல்லா வேலையும் பாக்காகளாம்! பெறகு கவர்மெண்டு காசு எதுக்காம், பேங்குல போடவா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சார், அந்தக் கையைக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

"கையை எதுக்குப் பாக்கணும்? வாய் நல்லாத்தான இருக்கு, அதுவே சொல்லிருச்சே. அடுத்த ஆளு வாங்க."

அந்த மேசையைப் புரட்டிப் போட்டிருப்பேன். அம்மாதான் மிச்சமிருந்த இரண்டு விரலால் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

வராந்தாவில் சாத்தூர்க்காரர் ஒருவர் கக்கத்தில் கட்டை ஊன்றி நின்றிருந்தார். அவருக்கும் பட்டாசில்தான் கால் போனது. உள்ளே நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏத்தா, கெடுத்துட்டியே! கம்பெனியில முடியாதுன்னா வேலை போச்சு. இங்கன முடியும்னா காசு போச்சு. அந்த ஆளு சாப்பிட்டு வரட்டும். திரும்பப் போயி, என்னென்ன முடியாதோ அம்புட்டையும் சொல்லு."

"அதை எப்படிண்ணே சொல்றது?" என்றாள் அம்மா. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

மத்தியானம் அந்த அதிகாரி பல் குத்திக்கொண்டே வந்து உட்கார்ந்தார். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அம்மா ஆரம்பித்தாள்.

"டப்பா மூடி திறக்க முடியாது சார். பல்லால கடிச்சுத்தான் திறக்கேன். சோறு பிசைய முடியாது. தலை பின்ன முடியாது. மகளுக்குப் பொத்தான் மாட்ட முடியாது. சேலை கட்ட அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிடணும்."

"சரிம்மா, போதும்."

"இன்னும் இருக்கு சார். கேட்டீகள்ல, முழுசாக் கேளுங்க. கக்கூசுக்குப் போனா..."

அதையும் சொன்னாள். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளிவிட்டார். அப்போதும் கையைப் பார்க்கவில்லை.

அவள் சொன்னதில் பாதி எனக்கே தெரியாது. நான் விடியுமுன் லோடு ஏற்றப் போய்விடுகிறவன். கட்டினவனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை யார் யாரோ காதில் விழும்படி சொல்லவைத்தார்கள்.

பணம் வந்தது. மதுரைக்கும் போய்வருகிறோம். ஆனாலும் என் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். கை அவர் கண் முன்னால்தான் இருந்தது. தலையை நிமிர்த்தியிருந்தால் போதும், வேறொன்றும் கேட்டிருக்க வேண்டியதில்லை. நாளைக்கு நீங்கள் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார நேர்ந்தால், வாய் திறக்குமுன் எதிரே நிற்பவரை நிமிர்ந்து பாருங்கள். உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

அன்று வீடு வந்ததும் அம்மா அடுத்த வீட்டு அக்காவிடம் விவரம் சொல்லப் போனாள். நான் மட்டும் அடுப்பங்கரையில் நின்றேன். சீனி டப்பா மூடியின் விளிம்பெல்லாம் பல் பதிந்த தடம். ஒவ்வொரு டப்பாவாக எடுத்தேன். மூடியைக் கொஞ்சம் திருகித் தளர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.