சாயங்காலம் வரை கலையாத லிப்ஸ்டிக்

தோழிகளே, இன்று சுரங்க கேட்டில் என் லிப்ஸ்டிக் மாட்டிக்கொண்டது.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை முடிந்து வெளியே போகும் யாராக இருந்தாலும், தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான் விடுவார்கள். ஆபீசில் டைப் அடிக்கிற எனக்கும் அதே சோதனைதான். புதிதாக வந்த வாட்ச்மேன் என் பையிலிருந்து லிப்ஸ்டிக்கின் பித்தளைக் குப்பியை எடுத்தார்.

“இது இன்னாம்மா?”

“லிப்ஸ்டிக், அண்ணா.”

என் உதட்டை உற்றுப் பார்த்தார். “காலையில பூசினது அப்படியே கீதே. அப்புறம் இத்த எதுக்கு எடுத்துகினு வர்ற? உள்ள இன்னா வச்சிகினு கீற?”

“தங்கம் எடுத்துட்டுக் கொட்டின சயனைடு மண்ணு மேட்டுத் தூசியில உதடு வெடிச்சிடுதுண்ணா. அதனால மொதல்ல தேங்கா எண்ணெய் தடவி, ஊறினதும் தொடச்சிட்டு, மெல்லிசா பூசுவேன். காகிதத்தால ஒத்திட்டு இன்னொரு தடவ பூசுவேன். சாயங்காலம் வரைக்கும் வழவழன்னு இருக்கும்.”

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு தீக்குச்சியை அடிவரை விட்டுக் குடைந்தார். லிப்ஸ்டிக் கூழாகிவிட்டது. தங்கம் வரவில்லை.

ஷிப்ட் முடிந்த கூட்டம் பின்னால் நின்று சிரித்தது.

“சரி, போம்மா.”

நான் போகவில்லை. அவர் கையிலிருந்த தீக்குச்சியை வாங்கி, அதில் ஒட்டியிருந்ததை நிதானமாக உதட்டில் பூசினேன். காகிதத்தால் ஒத்தி, அந்தக் காகிதத்தை அவர் மேசைமேல் வைத்தேன்.

“இத்தயும் சோதிச்சிக்கோங்கண்ணா.”

நாளைக்கும் பூசிக்கொண்டுதான் போவேன். என் ரோஜா நிற லிப்ஸ்டிக்தான் பாழாகிவிட்டது. உங்களில் யாரிடம் ரத்தச் சிவப்பு இருக்கிறது?